காசு கொடுத்துச் செய்வித்த வேலை சரியாக அமையாவிட்டால்



திருமண அழைப்பிதழ் அடிக்க வேண்டுமென்றால் முன்பெல்லாம் சிரம்பானிலோ பகாவிலோ உள்ள அச்சகத்திற்குப் பஸ் ஏறிப் போவோம். எழுத்துப் பிழை இருந்தால் மறுநாளும் அதே பஸ்ஸில் போய், அச்சகக்காரரின் மேசைக்கு எதிரே நின்று கேட்போம். இன்று அந்த வேலையை லயத்து வாசலில் உட்கார்ந்தபடியே கைப்பேசி வழியாகக் கொடுத்துவிடுகிறோம். செய்கிறவர் ஜொகூரில் இருக்கலாம், சென்னையில் இருக்கலாம், நாம் பேர் கேள்விப்படாத ஊரிலும் இருக்கலாம். அவர் முகம் நமக்குத் தெரியாது, நம் முகம் அவருக்குத் தெரியாது. இவ்வாறு ஒரு முதலாளியிடமும் சேராமல், இணையத்தின் வழி வேலை எடுத்துச் செய்கிறவர்களைப் ‘பிரீலேன்சர்’ என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். நாம் இங்கே ‘வேலை எடுத்தவர்’ என்றே சொல்லிக் கொள்வோம்.

அவர் செய்து அனுப்பிய வேலை சரியாக இல்லை என்றால் என்ன செய்வது? தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய எங்களிடம் பெற்றோர்கள் கொண்டு வரும் கேள்விகளுள் இதுவும் ஒன்றாகிவிட்டது. கேட்கிறவர்களில் பலர் இரண்டில் ஒன்றை ஏற்கனவே செய்து முடித்திருப்பார்கள். ‘போனால் போகிறது, நம் தலையெழுத்து’ என்று பேசாமல் இருந்திருப்பார்கள். அல்லது இரவு பதினொரு மணிக்குக் குரல் பதிவில் நன்றாக ஏசி அனுப்பியிருப்பார்கள். இரண்டினாலும் வேலை திருந்துவதில்லை, பணமும் திரும்புவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக் கொண்டு பார்ப்போம். ஒரு குடும்பத்தில் தாத்தாவுக்கு அறுபதாம் கல்யாணம். பிள்ளைகள் சேர்ந்து நாற்பது பக்கத்தில் ஒரு மணிவிழா மலர் போட விரும்புகிறார்கள். தோட்டத்துக்கு வந்த பூட்டியின் பழைய புகைப்படம் ஒன்று, மரம் வெட்டிய காலத்துப் படங்கள் சில, பேரப்பிள்ளைகள் எழுதிய தமிழ் வாழ்த்துகள், இவையெல்லாம் அதில் வரவேண்டும். முகநூலில் பார்த்த ஒருவரிடம் 600 வெள்ளி பேசி, 300 வெள்ளி முன்பணம் அனுப்புகிறார்கள். மூன்று வாரத்தில் மலர் கைப்பேசிக்கு வந்து சேருகிறது. திறந்து பார்த்தால் தமிழ் எழுத்துகள் சிதறிக் கிடக்கின்றன. பூட்டியின் முகமோ பளபளவென்று இருக்கிறது. ஆனால் அது பூட்டியின் முகமே அன்று.

இந்த இரண்டு குறைகளும் ஏன் ஏற்படுகின்றன என்று தெரிந்து கொள்வது நல்லது. காரணம் தெரிந்தால்தான், இது திருத்தக்கூடிய குறையா, திருத்த முடியாத குறையா என்று நம்மால் சொல்ல முடியும்.

முதலில் எழுத்து. ‘பெரியவர்’ என்று நாம் எழுதும்போது ஒற்றைக் கொம்பை முதலில் போட்டு, பிறகு ‘ப’ போடுகிறோம். யூனிகோடு முறையில் கணினி அதை வேறு விதமாக நினைவில் வைக்கிறது. முதலில் ‘ப’, அதற்குப் பின் கொம்பு என்ற வரிசையில் வைத்துக் கொண்டு, திரையில் காட்டும்போது மட்டும் கொம்பை முன்னால் கொண்டு வந்து வரைகிறது. பக்கம் அமைக்கும் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான ஏற்பாட்டைத் திறந்து வைக்காவிட்டால், இந்த முன்னால் கொண்டு வரும் வேலை நடப்பதில்லை. கொம்பு பின்னாலேயே நின்றுவிடுகிறது; ‘கொ’, ‘போ’ போன்றவை உடைந்து போகின்றன. தமிழ் தெரியாத ஒருவருக்கு இது பிழை என்றே தோன்றாது. அவருக்கு எல்லாம் வளைவும் சுழியும்தான். நமக்குப் பெரும் சேதமாகத் தெரியும் இக்குறை, உண்மையில் சிறிய குறையே. ஏற்பாட்டை மாற்றினால் நாற்பது பக்கமும் ஒருசேரச் சரியாகிவிடக்கூடும். வாழ்த்துகளைப் பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்து நாமே அனுப்பியிருந்தால் கதை வேறு. அந்த எழுத்துரு அவரிடம் இல்லாவிட்டால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வந்து நிற்கும். அக்குறை அவருடையது அன்று. வேலைக்கு நாம் கொடுத்த பொருளில் உள்ளது.

அடுத்தது பூட்டியின் முகம். இக்காலத்தில் மங்கிய புகைப்படங்களைச் செயற்கை அறிவுக் கருவிகளிடம் கொடுத்துப் புதுப்பிக்கிறார்கள். அழிந்து போன பகுதியை அக்கருவி எங்கிருந்தோ மீட்டுக் கொண்டு வருகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அவ்வாறன்று. படத்தில் இல்லாததை எப்படி மீட்க இயலும்? எண்ணற்ற பிற முகங்களைப் பார்த்துக் கற்றதை வைத்து, இங்கே கண் இப்படி இருக்கலாம், மூக்கு இப்படி இருக்கலாம் என்று ஊகித்து நிரப்புகிறது. அப்படி நிரப்பும்போது மூக்குத்தி மறைந்து போகிறது. காதில் தொங்கிய பாம்படம் ஏதோ ஒரு பூவாக மாறிவிடுகிறது. நெற்றிச் சுருக்கம் போய்விடுகிறது. பூட்டியைப் பார்த்தறியாத பேரப்பிள்ளைகள் இனிமேல் இந்த முகத்தைத்தான் தங்கள் பூட்டி என்று நினைத்துக் கொள்வார்கள். 600 வெள்ளியைவிட இது பெரிய நட்டம் என்றே நாங்கள் கருதுகிறோம். மூலப் படம் நம் கையில் பத்திரமாக இருந்தால் இதையும் திருத்தலாம். ஆகையால் வீட்டில் இருக்கும் ஒரே படத்தைத் தபாலில் அனுப்பவே கூடாது. நன்றாக வருடியெடுத்த நகலையே அனுப்ப வேண்டும்.

குறை தெரிந்துவிட்டது. அதை எப்படிச் சொல்வது? இதில் தோட்ட மக்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. நம்மிடமே அந்தப் பழக்கம் உண்டு. பால்மரக் காட்டில் கங்காணி வெட்டைச் சோதிக்க வந்தால், ‘உன் வெட்டு நன்றாக இல்லை’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதில்லை. இன்ன மரத்தில் கத்தி ஆழமாக இறங்கிக் காயம் பட்டிருக்கிறது, இன்ன மரத்தில் பட்டை தடிப்பாகப் போயிருக்கிறது, வெட்டின் சரிவு கெட்டிருக்கிறது என்று மரத்தைத் தொட்டுக் காட்டுவார். செம்பனையிலும் அப்படியே. குலையின் காம்பில் அறுத்தவரின் எண் எழுதப்பட்டிருக்கும். பழுக்காத குலை எத்தனை, காம்பு நீளமாக விட்ட குலை எத்தனை, பொறுக்காமல் விட்ட உதிரிப்பழம் எங்கே கிடக்கிறது என்று கணக்காகச் சொல்வார்கள். அப்படிச் சொன்னால்தான் வேலை செய்தவருக்கு மறுக்க இடமில்லை. திருத்திக் கொள்ளவும் வழி தெரியும். கணக்கில்லாமல் ‘சரியில்லை’ என்று மட்டும் சொல்லிக் கூலியைப் பிடித்தால், நாமே சும்மா இருப்போமா?

அதே முறையைத்தான் இங்கேயும் கைக்கொள்ள வேண்டும். ‘மலர் நன்றாக இல்லை, பார்க்கவே சகிக்கவில்லை’ என்பது மனத்தாங்கல். ‘3, 7, 12-ஆம் பக்கங்களில் கொம்பு எழுத்துகள் உடைந்திருக்கின்றன, 5-ஆம் பக்கத்தில் உள்ள முகம் நாங்கள் அனுப்பிய படத்தின் முகம் அன்று’ என்பதே முறையீடு. முதலாவதற்கு அவர் ஒரு சமாதானம் சொல்லித் தப்பிக்கலாம். இரண்டாவதற்கு வேலை செய்துதான் பதில் சொல்ல முடியும்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. எதை வைத்து நாம் குறை என்கிறோம்? பேசியதை வைத்துத்தான். நம்மவர்கள் பெரும்பாலும் வாயால் பேசியே வேலையை முடிக்கிறார்கள். வாய்ப் பேச்சும் ஒப்பந்தம்தான்; 1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் அதைத் தள்ளிவிடவில்லை. ஆனால் நாளைக்கு இருவரும் இருவிதமாக நினைவு கூர்ந்தால் நடுவில் சாட்சி யார்? தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-இல் அமைந்த பின்னர் முதலாளிமார் சங்கத்தோடு கூலியை எழுத்தில் பேசி ஒப்பந்தம் செய்தார்களே, அது எதற்காக? எழுதியதை யாரும் பிறகு இல்லை என்று சொல்ல முடியாது என்பதற்காகவே. நமக்குப் பெரிய பத்திரம் தேவையில்லை. தொலைபேசியில் பேசி முடித்தவுடன் புலனத்தில் நாலு வரி எழுதி அனுப்பினால் போதும். எத்தனை பக்கம், எந்தத் தேதிக்குள், எவ்வளவு பணம், எத்தனை முறை திருத்தித் தருவார், தமிழ் எழுத்து அச்சுக்கு ஏற்றபடி வரவேண்டும், முகங்களை மாற்றக் கூடாது என்று எழுதி, ‘சரிதானே தம்பி?’ என்று கேட்டுப் பதில் வாங்கிக் கொள்ளுங்கள். அந்த உரையாடலைத் தானே மறையும்படி வைக்காதீர்கள். திரைப்படம் எடுத்து வேறோர் இடத்திலும் சேமித்து வையுங்கள்.

இந்த இடத்தில் எதிர்ப் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். மலர் வந்த பிறகு, ‘பெரியம்மா வீட்டுப் படம் விட்டுப் போயிற்று, அதையும் சேருங்கள், அட்டை நிறத்தைச் சிவப்பாக்குங்கள்’ என்று சொன்னால் அது அவர் வேலையின் குறை ஆகாது. நம் மன மாற்றம். அதற்குக் கூடுதல் கூலி கேட்டால் கொடுப்பதுதான் முறை. வேலை எடுப்பவர்கள் வேற்றார் என்று நினைக்க வேண்டியதுமில்லை. குறைந்த வருமானக் குடும்பத்தினர் இணைய வேலை செய்து பிழைக்கட்டும் என்று மலேசிய இலக்கவியல் பொருளாதாரக் கழகம் 2015-இல் ‘இ-ரெசெக்கி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. தோட்டத்தில் வளர்ந்து, மேசையும் கணினியுமாக இத்தொழிலில் இருக்கும் பிள்ளைகளும் உண்டு. வேலையை முழுவதும் வாங்கிக் கொண்டு, மீதிப் பணத்தைத் தராமல் கைப்பேசியை அணைத்துவிடுகிறவர்களைப் பற்றி அப்பிள்ளைகளிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

சரி, நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்திற்கு வருவோம். அவர்கள் எழுத வேண்டிய கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்.

‘தம்பி, வணக்கம். மலர் கிடைத்தது. அட்டையும் பக்க அமைப்பும் எங்களுக்குப் பிடித்திருக்கின்றன. இரண்டு குறைகள் உள்ளன. 3, 7, 12, 20-ஆம் பக்கங்களில் தமிழ் எழுத்துகள் உடைந்துள்ளன, வட்டமிட்டு அனுப்பியிருக்கிறோம். 5-ஆம் பக்கத்தில் பாட்டியம்மாவின் முகம் மாறியிருக்கிறது; மூலப் படத்தை மறுபடியும் இணைத்திருக்கிறோம். முகத்தை மாற்றாமல், கறையை மட்டும் நீக்கித் தாருங்கள். இம்மாதம் 20-ஆம் தேதிக்குள் திருத்தி அனுப்பினால், பேசியபடி மீதி 300 வெள்ளியை அன்றே அனுப்பிவிடுவோம்.’

கடிதத்தில் ஏச்சு இல்லை, கெஞ்சலும் இல்லை. நன்றாக இருப்பதை நன்று என்று சொல்லியிருக்கிறது. தேதி இருக்கிறது. பணம் எப்போது வரும் என்பதும் இருக்கிறது. பெரும்பாலான வழக்குகள் இவ்விடத்திலேயே தீர்ந்துவிடும். திருத்தி வந்ததைத் தமிழ் தெரிந்த இருவர் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்காமல் அச்சுக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள். இருநூறு பிரதி அடித்த பிறகு கண்ட பிழையை எந்த ஏற்பாட்டாலும் மாற்ற முடியாது.

முன்பணத்தைப் பற்றி ஒரு சொல். முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுத்தவரின் குரலுக்கு வலு குறைவு. பாதியாகவோ, மூன்று தவணையாகவோ பிரித்துக் கொடுப்பதே நல்லது. பைவர், அப்வர்க் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களின் வழி வேலை கொடுத்தால், நம் பணத்தை அவர்கள் நடுவில் வைத்துக் கொண்டு, வேலை முடிந்த பின்னர் விடுவிப்பார்கள். இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதில் ஒரு நாள் கணக்கு உண்டு. பைவரில் வேலை வந்து சேர்ந்த 3 நாட்களுக்குள் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், ஏற்றுக் கொண்டதாகவே கணக்காகிவிடும். அப்வர்க்கில் மொத்தக் கூலி பேசிய வேலைக்கு அந்தத் தவணை 14 நாட்கள். ‘சம்பளம் போட்ட பிறகு, ஞாயிற்றுக்கிழமை ஓய்வாகப் பார்த்துக் கொள்வோம்’ என்று விட்டுவிட்டால் காலம் கடந்துவிடும். வந்த அன்றே திறந்து பார்த்து, குறை இருந்தால் அங்கேயே திருத்தம் கேட்டு எழுத வேண்டும். ‘நிறுவனத்தின் வழி வேண்டாம், நேராக என் கணக்கில் போடுங்கள், விலை குறைத்துத் தருகிறேன்’ என்று வேலை எடுத்தவர் சொன்னால் இணங்காதீர்கள். அப்படிப் போட்ட பணத்திற்கு அந்நிறுவனம் பொறுப்பேற்காது.

கடிதம் எழுதியும் பதில் இல்லை, அல்லது ‘இவ்வளவுதான் முடியும்’ என்கிறார் என்றால்? இனிச் சட்டத்தின் பக்கம் திரும்புவோம். நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கடையில் வாங்கும் பொருளுக்கு மட்டுமே அச்சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். கூலி கொடுத்துச் செய்விக்கும் வேலைக்கும் அது பொருந்தும். தொடக்கத்தில் மின்னியல் வழி நடக்கும் வாணிபத்தை அச்சட்டம் விலக்கி வைத்திருந்தது. 2007-இல் திருத்தம் செய்து அந்த விலக்கை நீக்கிவிட்டார்கள். வேலையைத் தக்க கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். இன்ன காரியத்திற்கு என்று நாம் முன்பே தெரிவித்திருந்தால் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். நாள் குறிக்கவில்லை என்றால் நியாயமான காலத்திற்குள் முடிக்க வேண்டும். விலை பேசவில்லை என்றால் நியாயமான விலைக்கு மேல் கேட்கக் கூடாது. இவை சட்டம் நமக்குத் தரும் உறுதிகள். ‘தமிழ் எழுத்து அச்சுக்கு வரவேண்டும்’ என்று முன்பே எழுதி வைத்த வரி இங்கேதான் பயன்படுகிறது.

குறை திருத்தக்கூடியது என்றால், நியாயமான காலத்திற்குள் திருத்தித் தரும்படி முதலில் அவரையே கேட்க வேண்டும் என்கிறது சட்டம். அவர் மறுத்தாலோ காலம் கடத்தினாலோ, வேறொருவரிடம் கொடுத்துத் திருத்தி அச்செலவை அவரிடம் கேட்கலாம். அல்லது ஒப்பந்தத்தையே முறித்துவிடலாம். திருத்த முடியாத குறை, அல்லது வேலையின் உயிரையே கெடுக்கும் பெரிய குறை என்றால், நேராக முறித்துக் கொள்ளவோ, மதிப்புக் குறைந்த அளவுக்கு ஈடு கேட்கவோ இடமுண்டு. திருத்தக்கூடியதா இல்லையா என்று முன்னே அவ்வளவு நேரம் பேசியது இதற்காகத்தான்.

கேட்டும் தராதபோது போகவேண்டிய இடம் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். மலாயில் ‘திரிபுனல் துந்துத்தான் பெங்குனா’ என்பார்கள். 10,000 வெள்ளி வரைக்குமான வழக்குகளோடு தொடங்கிய இம்மன்றத்தின் வரம்பு, 2003-இல் 25,000 ஆகவும், 2019-இல் 50,000 ஆகவும் உயர்ந்தது. மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். வக்கீல் வைத்துக் கொள்ள இடமில்லை. எதிர்த் தரப்பினரும் வைத்துக் கொள்ள முடியாது. சட்டம் படிக்காத நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறில்லை. சம்பவம் நடந்த மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். மன்றம் தீர்ப்பளித்த பின்னர் அதன்படி நடக்காதவருக்கு அபராதமோ சிறையோ விதிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது.

மன்றத்திற்கும் எல்லை உண்டு. வேலை எடுத்தவரின் பெயரும் முகவரியும் தெரியாமல் மனுவை யாருக்குச் சேர்ப்பது? ஆகவே முன்பணம் போடுமுன் முழுப் பெயர், முகவரி, வாணிபப் பதிவு இருந்தால் அதன் எண், இவற்றைக் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் ஒருவரை இம்மன்றத்திற்கு வரவழைப்பது நடைமுறையில் ஆகாத காரியம். அங்கே நடுவில் இருக்கும் நிறுவனத்திடம் முறையிடுவதே வழி. மேலும், வீட்டுத் தேவைக்குச் செய்வித்த வேலையே மன்றத்துக்கு உரியது. பலகாரக் கடைக்கு விளம்பரப் படம் செய்வித்த வழக்கு அங்கே எடுபடாது. அதற்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை முறை இருக்கிறது; 2012-ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகள் அதை 5,000 வெள்ளி வரை என்று வைத்தன.

குறையான வேலை வேறு, மோசடி வேறு. பணம் வாங்கியவுடன் எண்ணை மாற்றிக் கொண்டு, ஒரு பக்கம்கூடச் செய்யாமல் மறைந்துவிட்டவரைத் திருத்தம் கேட்டு எழுதிக் கொண்டிருப்பதில் பயனில்லை. 2022-இல் அமைத்த தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் 997. தெரிந்த அந்த நிமிடமே அழைக்க வேண்டும். பணம் கைமாறிப் போகுமுன் வங்கியில் நிறுத்த அப்போதுதான் வாய்ப்பு இருக்கும். பிறகு போலீசில் புகார் எழுதுங்கள். பணம் அனுப்பும் முன்னரே, அந்த வங்கிக் கணக்கு எண்ணின் மேல் புகார் இருக்கிறதா என்று போலீசாரின் ‘செமாக் மியூல்’ பக்கத்தில் பார்த்துக் கொள்ளலாம். கோபத்தில் அவர் படத்தை முகநூலில் போட்டுத் ‘திருடன்’ என்று எழுதும் வேலை மட்டும் வேண்டாம். 1957-ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வழக்காடப் போன நாமே வழக்கில் நிற்க நேரும்.

நடுவர் மன்ற மனுவுக்கு ‘போராங் 1’ என்று பெயர். நெகிரி செம்பிலான் மக்கள் சிரம்பானில் உள்ள உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அலுவலகத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள். லாபு, ரந்தாவ் பக்கம் இருப்பவர்களுக்கு அது அருகில்தான். பகாவ், தம்பின் பக்கத்தவர்கள் ஒரு நாள் வேலையை விட்டுத்தான் போக வேண்டியிருக்கும் என்பதை அறிவோம். இணையத்தின் வழியும் மனுச் செய்யலாம். இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் மலாயில் எழுதித் தரும். எப்படிச் செய்தாலும், பேசியதை எழுதிய நாலு வரி, பணம் அனுப்பிய ரசீது, வந்த மலர், வட்டமிட்ட பக்கங்கள், தேதி போட்டு நாம் எழுதிய கடிதம், வேறொருவரிடம் திருத்தினால் அவர் தந்த ரசீது, இவற்றை அச்செடுத்துத் தேதி வரிசையில் அடுக்கி வையுங்கள். பூட்டியின் மூலப் படத்தை மனுவோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். அதன் நகலை இணைத்து, மூலத்தை விசாரணை நாளில் கையில் எடுத்துச் சென்று காட்டிவிட்டு, மறக்காமல் வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.